லூசியன் பெயரில் ஒரு பாட்டு

அத்தியாயம் பதினொன்று

ஓடீல் தன் மருமகளோடு பேச்சை நிறுத்திப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

ஒரே வீடு. ஒரே சமையலறை. காலையில் சிக்கரி காபியை ஓடீல்தான் போடுவாள். வெர்னாவுக்கும் ஒரு கோப்பை ஊற்றி மேசைமேல் வைப்பாள். "எடுத்துக்கோ" என்ற ஒரு சொல் மட்டும் வராது.

காரணம் எங்கள் ஏழாவது வார்டு முழுக்கத் தெரிந்ததுதான். ஓடீலின் கணவர் அல்சீட் ரோஷோனும் மகன் லூசியனும் சேர்ந்து, இரண்டே இரண்டு கிளாரினெட்டை முன்னால் வைத்து, ஒரு ஜாஸ் இசைத்தட்டு கொண்டுவருவதாக இருந்தது. பத்துப் பாட்டு. ஆறு முடிந்திருந்தது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தபால் பையோடு யார் வீட்டு மாடிப்படியிலோ உட்கார்ந்த லூசியன் பிறகு எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயது. மிச்சம் நான்கு பாட்டுக்கு, மகன் நின்ற இடத்தில் அல்சீட் மருமகளை நிறுத்தினார்.

"என் மகன் நின்ன இடம் பஸ் சீட்டு இல்லை, ஒருத்தன் எழுந்தா இன்னொருத்தி உட்கார்றதுக்கு."

ஓடீல் வெர்னாவிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இன்று நவம்பர் ஒன்று, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்கிற அனைத்துப் புனிதர் திருநாள். கடைசிப் பாட்டைப் பதிவு செய்வதற்கும் இன்றுதான் நாள் அமைந்தது.

* * *

காலை ஒன்பது மணிக்கே கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. வாசலில் பிரலீன் மிட்டாய்க்காரிகள் இரண்டு பக்கமும் கடை விரித்திருந்தார்கள். கைக்குக் கை வெள்ளைச் சாமந்தி.

ரோஷோன் குடும்பத்துக் கல்லறைக்கு ஓடீல் முந்தாநாள் ஒரு பூச்சு, நேற்று ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்திருந்தாள். இன்றும் வாளியோடு வந்து நின்றாள். மூலையில் ஒரு கோடு தெரிகிறதாம்.

"என்ன ஓடீல், மூணாவது பூச்சா?" என்றாள் பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அர்மாந்தின். "உள்ளே இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டப் போகுது."

"உன் புருஷன் இருக்கிற இடத்தைப் பாரு. பாசி தாடி வச்சிருக்கு. இருந்தப்பவும் அந்த ஆளு ஒழுங்கா முகம் மழிச்சதில்லை."

அர்மாந்தின் சிரித்துவிட்டாள். ஓடீல் சிரிக்கவில்லை. பிரஷ்ஷை நனைத்து, கல்லில் வெட்டியிருந்த பெயர்களுக்கு மேல் சுண்ணாம்பு படாமல் மெதுவாக இழுத்தாள். மேலே மெலனி, ஆறு வயது. ஓடீலின் முதல் குழந்தை, காய்ச்சலில் போனவள். கீழே புதிதாக வெட்டிய எழுத்து, லூசியன்.

வெர்னா சாமந்தியைப் பிரித்து இரண்டு ஜாடியில் வைத்தாள். அவள் வைத்த பிறகு ஓடீல் குனிந்து ஒரு ஜாடியை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தாள்.

அல்சீட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷம் சுவர்ப் பூச்சு வேலை பார்த்தவர். மனைவி பிரஷ் பிடிக்கிற விதம் தப்பு என்று தெரியும். சொல்லவில்லை.

"ரெண்டு மணிக்குப் போகணும், ஓடீல்."

"போ."

"வேற நாள் கிடைக்கலை. பதிவு பண்ற மனுஷன் நாளைக்கு ஊருக்குக் கிளம்பறான்."

"அதான் போன்னு சொல்றேனே. செத்தவன் எங்கே போயிடப் போறான். இங்கேதான் இருப்பான். கூட நான் இருக்கேன்."

அவர் திரும்பியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. வெர்னாவுக்கும் கேட்க வேண்டும் என்றே வந்த குரல்.

"அந்த வெள்ளைக்காரன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு. மூணாவது பாட்டு மேல யார் கையும் படக்கூடாது. அதுல லூசியன் பேரு பளிச்சுனு இருக்கணும். மத்ததை யாரை வச்சு வேணா ஊதிக்குங்க."

வெர்னா கையிலிருந்த வாடிய இலைகளைக் காகிதத்தில் மடித்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

* * *

அந்த மூன்றாவது பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லூசியன் போன பிறகு, பதிவுக்காரர் ஹாலர், முடிந்த ஆறு பாட்டையும் ஒரு மாதிரித் தட்டில் போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தார். தட்டின் நடுவில் பேர் இல்லை, ஊர் இல்லை, ஒரு எண் மட்டும். ஓடீல் தினமும் மூன்று மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு கிராமபோன் முன்னால் உட்காருவாள். ஐந்து பாட்டு ஓடும். மூன்றாவது மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்.

மெதுவான பாட்டு அது. கடைசியில் ஒரு கிளாரினெட் ஓய்ந்துவிட, மற்றொன்று மட்டும் படிப்படியாக இறங்கிக் கீழ்ச்சுரத்தில் நிற்கும். சத்தம் நூலாகிற சமயத்தில் மூச்சை இழுக்கிற ஓசை கேட்கும். பிறகு சின்னதாக இன்னும் ஒரு சுரம்.

"தொட்டில்ல தூங்கிப்போறதுக்கு முன்னாடி அவன் இப்படித்தான் ஒரு தடவை இழுத்து விடுவான்" என்று ஓடீல் கணவரிடம் ஒருநாள் சொன்னாள். "அப்படியே இருக்கு பாரு."

அல்சீட் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

ஏனென்றால் அந்தப் பாட்டை ஊதியது லூசியன் இல்லை. வெர்னா.

ஜனவரி கடைசியில், மழை பெய்த ஒரு பிற்பகலில் நடந்தது அது. இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் பாதியில் நின்றான் லூசியன். உதடு நீலம் பூத்திருந்தது. ஹாலர் சளிக் காய்ச்சல் என்று நினைத்தார். சாப்பாடு கொண்டுவந்திருந்த வெர்னாவைக் கூப்பிட்டு, லூசியன் தன் கிளாரினெட்டை நீட்டினான்.

"நீ ஊது. இந்தப் பாட்டுக்கு வேண்டிய மூச்சு என்கிட்ட இல்லை."

"எனக்கு முழுசாத் தெரியாதே."

"நான் பழகறப்பல்லாம் அடுப்படியில நின்னு கீழ்ச்சுரத்தை முணுமுணுத்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் அவனுக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்த நாட்கள் குறைவு. அன்று ஒரே தடவை ஊதினாள். அதுவே நிலைத்துவிட்டது.

இதை ஓடீலிடம் சொல்லலாம்தானே என்று கேட்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவன் ஏன் ஊதவில்லை?

அதற்குப் பதில் முந்தின ஆகஸ்டில் இருந்தது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் லூசியனின் இதய வால்வைத் தின்றுவிட்டது என்றும், இனி ஊதக்கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். மனைவியிடமும் அப்பாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான் லூசியன்.

"அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மெலனி போனப்ப ஒரு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தா. எனக்குன்னு தெரிஞ்சா, நான் இருக்கும்போதே கல்லறை கட்டி வெள்ளையடிச்சிடுவா."

* * *

வைத்தியச் செலவுக்கும் சாவுச் செலவுக்கும் எங்கள் ஆட்கள் கூடி நடத்துகிற சங்கத்தின் மண்டபத்தில்தான் பதிவு. உத்தரத்திலிருந்து இரண்டு மைக் தொங்கின. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தது. பேஸ் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ப்ரோஸ்பேர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான்.

ஹாலர் ஒல்லியான மனிதர், வடக்கே ஒஹாயோ பக்கத்துக்காரர். நிறத்தைப் பார்க்காமல் எல்லோரையும் மிஸ்டர், மேடம் என்று அழைக்கிற பழக்கம் உண்டு. அதனாலேயே எங்கள் வார்டில் அவரைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

"அட்டைக்குப் பேர் எழுதிடலாம்" என்று ஒரு தாளை விரித்தார். "மூணாவது பாட்டு. அல்சீட் ரோஷோன், வெர்னா ரோஷோன். சரிதானே?"

"அதுல லூசியன்னு போடுங்க" என்றாள் வெர்னா.

ஹாலர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், அன்னைக்கு நான் இங்கேதான் இருந்தேன்."

"தெரியும். இருந்தாலும் போடுங்க."

"இந்தத் தட்டுலயே அதுதான் நல்ல பாட்டு. நாளைக்கு யாராவது உங்களைத் தேடி வந்தா அதுக்காகத்தான் வருவாங்க."

"என்னைத் தேடி யாரும் வர வேண்டாம். வீட்டுல ஒருத்தங்க அதைக் கேட்டு அன்னன்னிக்குப் பொழுதைத் தள்ளறாங்க. அது போதும்."

ஹாலர் அல்சீட்டைப் பார்த்தார்.

அல்சீட் சீவாளியை நாக்கில் நனைத்தபடி இருந்தார். எடுத்துவிட்டுச் சொன்னார். "வாயால ஒரு வருஷத்துக்கு மேல பொய் சொல்லியாச்சு. இப்போ அச்சடிச்சும் சொல்லணுமா?"

"மாமா, நீங்க சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்க."

"உயிரோட இருந்தவனுக்குக் கொடுத்தேன்."

"அத்தை உயிரோடதானே இருக்காங்க. அவங்களுக்காகத்தானே அந்தச் சத்தியமே."

அல்சீட் சீவாளியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார். ப்ரோஸ்பேர் தந்தியை முறுக்கிக்கொண்டே, "எனக்கு ரெண்டு காதும் மந்தம். நான் ஒண்ணும் கேட்கலை" என்றான்.

ஹாலர் அந்த வரியை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை மடித்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. ஓடீல் நின்றாள். கறுப்பு உடை. செருப்பில் சுண்ணாம்புச் சொட்டு.

"சாவி" என்றாள். "வீட்டுச் சாவியை உன் கோட்டுல போட்டுட்டு வந்துட்டே."

அல்சீட் கோட்டுப்பையைத் தடவினார். ஆமாம், இருந்தது. எடுத்து நீட்டுவதற்குள் ஹாலர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க மேடம். மூணே நிமிஷம்தான். இப்போ கதவைத் திறந்து மூடினா தெருச் சத்தம் உள்ளே வந்துடும்."

ஓடீல் உட்கார நினைத்து வந்தவள் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெர்னா மைக்குக்குக் கீழே வந்து நின்றாள். அவள் கையில் இருந்தது லூசியனின் கிளாரினெட்.

ஆரம்பிக்கச் சொல்லி ஹாலர் கையை இறக்கினார்.

அல்சீட் மேலே ஆரம்பித்தார். யாரையோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு வரி. வெர்னா கீழேயிருந்து பதில் சொன்னாள். அவர் அவசரப்பட்டால் இவள் நிதானித்தாள். இவள் தயங்கினால் அவர் முன்னால் போய் நின்று காத்திருந்தார். போகப்போக வெர்னாவுக்கு மண்டபம் மறந்தது, நாற்காலியில் இருந்தவள் மறந்தாள். வாத்தியம் மட்டும் இருந்தது. அதன் வாயில் அவன் பல் பதிந்த தடம், அவள் பல்லுக்குச் சற்றுத் தள்ளி.

கடைசியில் அல்சீட் ஓய்ந்தார். அவள் தனியாக இறங்கினாள். கீழ்ச்சுரத்தில் நின்றாள். சத்தம் நூலாகிற இடத்தில் மூச்சை இழுத்து இன்னும் ஒரு சுரம் வைத்தாள். அது அவள் பழக்கம். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் தப்பு என்று எத்தனையோ தடவை கண்டித்தும் போகாத பழக்கம்.

டேப் நின்றது. ஹாலர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"திரும்பப் போடுங்க" என்றாள் ஓடீல்.

போட்டார். ஓடீல் எழுந்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கடைசி வரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு கேட்டது. அந்தச் சின்னச் சுரம் கேட்டது.

கண்ணைத் திறந்து வெர்னாவைப் பார்த்தாள். பதினாறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"மூணாவது பாட்டை ஊதினது யாரு?"

"லூசியன், அத்தை."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

வெர்னாவால் முடியவில்லை.

"இவதான், ஓடீல்" என்றார் அல்சீட். "லூசியன் இல்லை. இவ ஊதினது."

ப்ரோஸ்பேர் பேஸைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"எட்டு மாசமா" என்றாள் ஓடீல் மெதுவாக. "தினம் திரையை இழுத்துவிட்டு நான் அழுதது இவ மூச்சைக் கேட்டா?"

"ஓடீல்…"

"அவன் ஏன் ஊதலை?"

அல்சீட் சொன்னார். டாக்டர் சொன்னதை, சத்தியத்தை, எல்லாவற்றையும். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுருக்கமாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் மூடி வைத்திருந்தது இவ்வளவுதானா என்று அவருக்கே தோன்றியது.

"எப்போலேருந்து தெரியும்?"

"ஆகஸ்ட்."

ஓடீல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மார்டி கிரா திருவிழா அன்னைக்கு ஊர்வலத்துல நடக்கலை. கால் ஆணின்னான்."

"கால் ஆணி இல்லை."

"கிறிஸ்துமஸுக்கு அலமாரியை நகர்த்தித் தரச் சொன்னேன். முதுகு பிடிச்சிருக்குன்னான்."

"முதுகு இல்லை, ஓடீல்."

"நான் அவனைச் சோம்பேறின்னேன்."

அல்சீட் தலையைக் குனிந்துகொண்டார்.

"விருந்துக்கு வந்தவங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன், அல்சீட். தபால்காரன், அடுத்தவன் வீட்டுக்குன்னா மாடி ஏறுவான், அம்மாவுக்குன்னா முதுகு வலிக்கும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். நீயும் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தே."

வெர்னா ஒரு அடி முன்னால் வந்தாள். "அத்தை, அவர் உங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னுதான்…"

"மூணு பேரும் என்னை என்னன்னு நினைச்சீங்க? மெலனி போனப்ப விழுந்தேன். உண்மைதான். விழுந்தவ எழுந்துட்டேனே, அதை ஒருத்தரும் பார்க்கலையா? இத்தனை வருஷம் உங்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டது யாரு, படுத்துக் கிடந்தவளா?" குரல் உயரவில்லை. "தெரிஞ்சிருந்தா அந்த ஏழு மாசமும் நான் அவனை வேற மாதிரி பார்த்திருப்பேன். அவ்வளவுதான் கேட்டிருப்பேன்."

ப்ரோஸ்பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.

மேசைமேல் மடித்து வைத்த தாளை ஓடீல் பார்த்தாள். விரித்தாள். பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, வெறுமையாக இருந்த வரியில் நிறுத்தினாள்.

"இது என்ன?"

"அந்தப் பாட்டுதான் மேடம்" என்றார் ஹாலர். "மிசஸ் வெர்னா, லூசியன் பேரைப் போடச் சொன்னாங்க. நான் இன்னும் எழுதலை."

ஓடீல் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள்.

"இவ பேரை எழுதுங்க" என்றாள். "கடன் வாங்கின மூச்சுல என் மகன் பேர் வாங்க வேண்டாம். மத்த அஞ்சும் அவன்தானே?"

"அவர்தான் மேடம்."

"அஞ்சு போதும்."

அல்சீட் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு நடந்தாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினாள்.

* * *

அல்சீட்டும் வெர்னாவும் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் கம்போ குழம்பு கொதிக்கிற வாசனை. திருநாளைக்குச் செய்தே ஆக வேண்டியது, செய்துகொண்டிருந்தாள்.

அல்சீட் உள்ளே போகத் துணியாமல் சுற்றிக்கொண்டு கொல்லைப்படிக்குப் போனார். கிளாரினெட்டைக் கழற்றி, துணியால் உள்ளே துடைக்க ஆரம்பித்தார். சமையலறைக் கதவு திறந்திருந்ததால் எல்லாமே கேட்டது.

வெர்னா அடுப்புக்கு நாலு அடி தள்ளி நின்றாள்.

"அத்தை, கொஞ்ச நாள் நான் எங்க அம்மா வீட்டுல இருக்கட்டுமா?"

ஓடீல் கரண்டியால் அடிப்பிடிக்காமல் கிளறினாள். "உங்க அம்மா வீட்டுல உனக்கு எங்கே இடம் இருக்கு. உன் தம்பி பிள்ளைங்களே தரையில படுக்குதுங்க. உட்காரு."

வெர்னா உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலை அத்தை."

"உன்னைப் பார்த்தா கோபம் வருது. அந்தப் பாட்டைக் கேட்டா இன்னும் அழுகைதான் வரும். இனிமே எதுக்கு அழறேன்னு எனக்கே தெரியாது." அடுப்பைத் தணித்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டாக்டர் இருக்கிற இடம் உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

"எதுக்கு அத்தை?"

"ஒரே ஒரு கேள்வி. ஆகஸ்டோட ஊதறதை நிறுத்தியிருந்தா அவன் இன்னைக்கு இருந்திருப்பானா, மாட்டானான்னு கேட்கணும்."

கொல்லைப்படியில் துணி நின்றது.

ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை அல்சீட் அந்த டாக்டரை மூன்று முறை பார்த்திருக்கிறார். மருந்து பற்றிக் கேட்டார். சாப்பாடு பற்றிக் கேட்டார். இதை மட்டும் கேட்டதில்லை. லூசியன் செத்த பிறகும் கேட்கப் போகவில்லை. தட்டு போடுவோம் என்று முதலில் சொன்னது லூசியன்தான். ஆனால் ஜனவரியில் இரண்டு வாரம் அவன் தள்ளிப் போட்டபோது, அறைக் கதவைத் தட்டி, "இன்னைக்கு ரெண்டே பாட்டுதான்டா, வா" என்று கூப்பிட்டது அவர்.

"அல்சீட்" என்று உள்ளேயிருந்து ஓடீல் கூப்பிட்டாள். "நீயும் வர்றியா?"

துணியை உருவி மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்து நின்றது.

"வர்றேன்" என்றார்.

மேசையில் வெர்னா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரல் மாதத்தில், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், யாரிடமும் சொல்லாமல் அவள் தனியாக அந்த டாக்டரிடம் போயிருந்தாள். இதே கேள்வியைத்தான் கேட்டாள்.

டாக்டர் பதிலும் சொல்லியிருந்தார்.